அணாவும் சதமும்

பசுமலையில் வீட்டுக்குள் இருந்தபடியே கைப்பேசியில் கடை நடத்தி, சுங்குடிச் சேலையை மதுரைக்காரருக்கும் கொழும்புக்காரருக்கும் ஒருங்கே விற்க முயலும் இளைஞர்களைக் காணும்போது, இரண்டு தேசத்து வாடிக்கைக்காரருக்கும் ஒரே கடை என்னும் இந்த ஏற்பாடு நேற்று முளைத்தது என்று எண்ணத் தோன்றும். ஆனால் இந்த மலையடிவாரத்தின் நவீன சரித்திரமே கடலுக்கு அப்பாலிருந்து தொடங்குகிறது என்பதை அறிந்தவர் அவ்வாறு எண்ணமாட்டார். 1816-இல் யாழ்ப்பாணத்தில் காலூன்றிய அமெரிக்க மிஷனின் கிளையாகவே 1834-இல் மதுரை மிஷன் ஸ்தாபிதமாயிற்று. முதலில் வந்த பாதிரிமாரும் அவர்களுக்குத் துணையாக வந்த தமிழரும் யாழ்ப்பாணத்திலிருந்தே புறப்பட்டவர்கள். 1842-இல் திருமங்கலத்தில் அவர்கள் தொடங்கிய குருத்துவக் கல்விச்சாலை 1845-இல் பசுமலைக்கு வந்து நிலைத்தது. பின்னாளில் லெனாக்ஸ் அச்சுக்கூடம் என்ற பெயரோடு ஓர் அச்சகமும் இங்கே எழுந்தது.

இரு கரைக்கும் பொதுவாக நடந்த வியாபாரங்களுள் என் மனம் அதிகம் ஈடுபடுவது புத்தக வியாபாரத்தில்தான். முத்தும் சங்கும் அரிசியும் துணியும் போய் வந்தது புராதனமான செய்தி. அவற்றைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டுப் பேரம் பேசி வாங்கினார்கள். புத்தகமோ, வாங்குகிறவர் விற்கிறவரை ஒருபோதும் காணாமல், ஒரு கடிதத்தை நம்பி ஒருவர் பணம் அனுப்ப, அந்தப் பணத்தை நம்பி மற்றவர் சரக்கு அனுப்ப, கடல் கடந்து நடந்த வியாபாரம். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் வைத்த ஆறுமுக நாவலர் பிற்பாடு சென்னைத் தங்கசாலைத் தெருவிலும் ஒன்று நிறுவி, இரு தேசத்தாருக்கும் நூல்களை அளித்தார். அவருடைய பதிப்புப் பணிக்குப் பொருளுதவி செய்தவர்களுள் இராமநாதபுரத்துப் பொன்னுசாமித் தேவர் முக்கியமானவர். அந்தத் தேவரின் குமாரர் பாண்டித்துரைத் தேவரே 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தைக் கண்டவர். மறு ஆண்டு சங்கம் தொடங்கிய ‘செந்தமிழ்’ பத்திரிகையில் சுன்னாகம் குமாரசுவாமிப் புலவர் முதலிய ஈழத்து வித்துவான்கள் எழுதினார்கள். தந்தை யாழ்ப்பாணத்துப் பதிப்பாசிரியருக்கு உதவ, மகன் நடத்திய சங்கத்தின் பத்திரிகைக்கு யாழ்ப்பாணத்துப் புலவர் கட்டுரை அனுப்பியதை, கொடுக்கல் வாங்கல் என்ற சொல்லின் மிக உயர்ந்த அர்த்தத்துக்கு உதாரணமாகவே நான் கருதுகிறேன்.

இவ்வியாபாரத்துக்கு வழி திறந்தவை ரயிலும் தபாலுமே. மதுரையிலிருந்து பசுமலையையும் திருப்பரங்குன்றத்தையும் ஒட்டித் தூத்துக்குடிக்குச் செல்லும் இருப்புப்பாதை 1876-இல் திறக்கப்பட்டது முதல், கொழும்புக்குப் போகும் தபால் மூட்டை இந்த மலையின் காலடி வழியே சென்று, தூத்துக்குடியில் கப்பல் ஏறியது. 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் விட்டதும் இதே கடல் வழியில்தான். 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின் போட் மெயில் என்னும் ரயில் தனுஷ்கோடிக்குச் சென்றது. அங்கிருந்து தலைமன்னாருக்குச் சில மணி நேரக் கப்பல் பிரயாணமே.

புக்போஸ்டில் அனுப்பும் பொட்டலத்தை அந்நாளில் கட்டிய முறை கவனிக்கத் தக்கது. உள்ளே கடிதம் இல்லை என்பதைத் தபால்காரர் இழுத்துப் பார்க்கும்படி, பழுப்புக் காகிதத்தைப் புத்தகத்தின் நடுவே சுற்றி, இரு முனைகளையும் திறந்தே விட்டுச் சணலால் குறுக்கும் நெடுக்கும் கட்டுவார்கள். அதிகமாக மூடினால் கடிதக் கட்டணம் விழும், குறைவாக மூடினால் கப்பலின் ஈரக்காற்றில் ஓரம் நைந்துபோகும்.

விலையிலும் ஒரு நுணுக்கம் இருந்தது. இந்தியாவில் ரூபாய்க்குப் பதினாறு அணா. இலங்கையிலோ 1872 முதல் ரூபாய்க்கு நூறு சதம். ரூபாய் இரு தேசத்திலும் சமமதிப்பு உடையதாயிருந்தும் சில்லறை வேறுபட்டதனால், பத்தணாப் புத்தகத்துக்கு அங்கே அறுபத்திரண்டரைச் சதம் என்று கணக்கிட வேண்டும். அந்த அரைச் சதத்துக்கும் அங்கே ஒரு செப்புக்காசு இருந்தது என்பது எத்தனை சௌகரியம்! சில்லறை எவ்வாறாயினும், ரூபாய்க்கு ரூபாய் என்ற அந்தச் சமத்துவமே இரு கரைக்கும் ஒரே விலைப்பட்டியலைச் சாத்தியமாக்கியது. நாணயம் என்ற ஒரே சொல்லைக் காசுக்கும் நேர்மைக்கும் வைத்த நம் முன்னோர் இதை நன்றாக உணர்ந்திருந்தார்கள்.

பிறகு ஒவ்வொன்றாகக் கதவுகள் அடைபட்டன. 1950-இல் இலங்கைக்குத் தனி மத்திய வங்கி வந்தது. 1953-இல் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1966-இல் இந்திய ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட, சமமதிப்பும் போயிற்று. 1970-களில் தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளின் இறக்குமதியை இலங்கை அரசு கட்டுப்படுத்தியது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் அழித்த பின்பும் இராமேசுவரத்திலிருந்து கப்பல் சென்றுகொண்டுதான் இருந்தது. 1984-இல் யுத்தம் அதையும் நிறுத்திற்று. புயலைக் காட்டிலும் காகிதமும் துப்பாக்கியும் செய்த சேதமே பெரிது.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் மீண்டும் புறப்பட்டபோது நான் அடைந்த ஆனந்தத்துக்கு அளவில்லை. ஆயினும் அண்மையில் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவருக்கு மெல்லிய கவிதை நூல் ஒன்றை அனுப்பப் போனபோது, அதற்குக் கேட்ட கூலி நூலின் விலையைவிட அதிகமாயிருக்கக் கண்டு, பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். சேலைக்கும் செருப்புக்கும் சுங்கம் எவ்வாறாயினும் ஆகுக. தமிழ்ப் புத்தகம் ஒன்று இந்தக் குறுகிய கடலைத் தாண்டுவதற்கு மட்டுமாவது, உள்நாட்டுக் கட்டணத்தில் பழைய புக்போஸ்ட் வழியை இரு அரசாங்கங்களும் மீண்டும் திறந்துவிட வேண்டும்.