‘ஆயினும்’ என்ற ஒரு சொல்: நெய்வேலிக் கொதிகலன் விபத்துகளும் மேலாளரின் கடமையும்

2020 மே 7 அன்று நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தின் ஆறாம் அலகில் கொதிகலன் வெடித்தது. எட்டுப் பேர் காயமுற்றனர். ஐம்பத்தைந்தாம் நாள், ஜூலை 1, பக்கத்திலிருந்த ஐந்தாம் அலகு. அன்றே ஆறு பேர் இறந்தனர். ஆறு பேரும் ஒப்பந்தத் தொழிலாளர். அதன்பின் நிலையத் தலைவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். தலா 210 மெகாவாட் திறனுள்ள நான்கு அலகுகள் தணிக்கைக்காக நிறுத்தப்பட்டன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இடைக்காலத் தொகையாக 5 கோடி ரூபாய் கட்டச் சொன்னது.

பாதுகாப்புப் பண்பாடு பற்றிய எழுத்துகளில் இத்தகைய விபத்துகளுக்கு ஒரு விளக்கம் நிலைபெற்றிருக்கிறது. மேலாளர்களுக்கு ஈடுபாடு போதவில்லை, பயிற்சி கொடுத்து அதை வளர்க்க வேண்டும், சட்டம் இதற்கு உதவாது, ஏனெனில் அது தொழிலாளர் பங்கேற்பை மட்டுமே பேசுகிறது என்பார்கள். இந்தக் கடைசிக் கூற்றை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்போது நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில், போபால் நச்சுவாயுக் கசிவுக்குப் பின் 1987இல் சேர்ந்த 41-எச் பிரிவை எடுத்துக்கொள்வோம். உடனடி ஆபத்து குறித்து எச்சரிக்கத் தொழிலாளருக்குள்ள உரிமை என்பது அதன் தலைப்பு. முந்தைய ஆய்வுகள் பெரும்பாலும் தலைப்போடு நின்றுவிட்டன. பிரிவுக்கு மூன்று உட்பிரிவுகள் உண்டு. தொழிலாளர் பேசுவது முதல் உட்பிரிவில் மட்டும்தான். மற்ற இரண்டும் எச்சரிக்கையைக் கேட்டவருக்கானவை. அவர் ஆபத்து உண்மை என்று கருதினால் உடனே சரிசெய்து, செய்ததைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு அறிக்கையாக அனுப்ப வேண்டும். உண்மையில்லை என்று கருதினால்? அங்கேதான் ‘ஆயினும்’ வருகிறது. ஆயினும் அவர் விஷயத்தை உடனே ஆய்வாளருக்கு அனுப்பியாக வேண்டும். ஆய்வாளர் சொல்வதே முடிவு.

ஆக, நம்பினாலும் நம்பாவிட்டாலும் தாள் ஆய்வாளர் மேசைக்குப் போகிறது. கேட்டுவிட்டுச் சும்மா இருக்கும் வழியைச் சட்டம் அடைத்துவிட்டது. மேலாளரின் மனம் எப்படி இருக்கிறது என்று அது கேட்கவே இல்லை. ஈடுபாட்டை உள்ளத்தில் தேடும் ஆய்வுமுறைக்கு இது பிடிபடாமல் போனதில் வியப்பில்லை.

இன்னொன்றும் உண்டு. இக்கடமை ஆலையின் பொறுப்பாளரோடு நிற்கவில்லை. குறிப்பிட்ட செயல்முறைக்குப் பொறுப்பானவரையும் பிடிக்கிறது. என் வாசிப்பில் அவர் இரவு ஷிப்டில் கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர். மேலிடத்து அனுமதியின்றி அலகை நிறுத்தும் துணிவு அவருக்கு வராது என்பார்கள். வர வேண்டியதில்லை. மூன்றாம் உட்பிரிவு அவரிடம் கேட்பது அதிகாரத்தை அன்று, ஒரு கடிதத்தை.

இந்த வாசிப்பு மிகையோ என்று எனக்கும் தயக்கம் இருந்தது. தண்டனைப் பிரிவுகளைப் பார்த்தபின் அது குறைந்தது. பாதுகாப்புக் குழு அமைக்கச் சொல்லும் 41-ஜி பிரிவை மீறினால் பொதுத் தண்டனைதான். அதிகபட்சம் இரண்டாண்டுச் சிறை. 41-எச் பிரிவை மீறினால் 96-ஏ பிரிவின்படி ஏழாண்டு வரை சிறை. குழு இல்லாத குற்றத்தைவிட எச்சரிக்கையை அமுக்கும் குற்றத்தைச் சட்டம் பெரிதாக எடைபோட்டிருக்கிறது. நம் ஆய்வுகளோ குழுக் கூட்டங்களையே எண்ணிக்கொண்டிருக்கின்றன.

ஐந்தாம் அலகில் எவரேனும் எச்சரித்தார், எவரேனும் கேளாமல் விட்டார் என்று நான் சொல்லவில்லை. ஆறாம் அலகு வெடித்தபின் பக்கத்து அலகில் வேலை செய்தவருக்கு அச்சம் வந்திருந்தால், அதைச் சட்டம் சொல்லும் ‘நியாயமான அச்சம்’ அன்று என்று எவரும் தள்ளியிருக்க முடியாது என்கிறேன், அவ்வளவே.

ஒப்பந்தத் தொழிலாளிக்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்ற வாதம் நிற்காது. 2(எல்) பிரிவு ஒப்பந்தக்காரர் வழியாக வருபவரையும் தொழிலாளி என்றே வரையறுக்கிறது. வேலை போய்விடும் என்ற பயம் உண்மையானது. நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு அதே வளாகத்தில் ஒப்பந்த வேலைக்குப் போகிற கம்மாபுரம் ஒன்றியத்துக் குடும்பங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. பாதுகாப்புக் குழுப் பிரதிநிதி வழியாகவும் எச்சரிக்கலாம் என்று பிரிவு சொல்வது இந்தப் பயத்தை அறிந்துதான் என்று தோன்றுகிறது. ஆய்வாளர் மேசையில் கடிதங்கள் குவிந்துவிடும் என்ற கவலை, குவிந்தபின் பட வேண்டியது.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் புதிய தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது; எச்சரிக்கும் உரிமை அதிலும் இருக்கிறது. இனிக் களத்துக்குப் போகும் ஆராய்ச்சியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாள் உறுதிமொழிப் படங்களையும் மேலாளர்களின் மனப்பான்மை வினாத்தாள்களையும் சற்று ஒதுக்கிவையுங்கள். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலகங்களின் தபால் வரவுப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். ‘எனக்கு உடன்பாடில்லை, ஆயினும் அனுப்புகிறேன்’ என்று எந்த ஷிப்ட் பொறியாளராவது எழுதியிருக்கிறாரா என்று தேடுங்கள்.