ஹட்சன் நதிக்கு ஒரு பாய்மரக் கப்பல்

பீட் சீகரைப் பாடகராகத்தான் பலருக்கும் தெரியும். பாஞ்சோ வாத்தியத்தோடு மேடையேறி நாட்டுப்புறப் பாடல்களைப் பாடியவர். 1949-ல் நியூயார்க் நகருக்கு வடக்கே, பீக்கன் ஊருக்குப் பக்கத்தில் ஒரு மலைச்சரிவில் நிலம் வாங்கி, தன் கையாலேயே மரவீடு கட்டிக் குடியேறினார். அங்கிருந்து பார்த்தால் கீழே ஹட்சன் நதி.

பார்க்கத்தான் அழகு. கரையோர ஊர்களின் சாக்கடையும் ஆலைக் கழிவும் அதில்தான் கலந்தன. மன்ஹாட்டனின் மேற்குப் பகுதிச் சாக்கடைக்கே 1986-ல்தான் சுத்திகரிப்பு நிலையம் வந்தது! போதாக்குறைக்கு, கடலிலிருந்து சுமார் 240 கிலோமீட்டர் தூரம்வரை இந்த நதியில் ஓதம் ஏறி இறங்கும். கொட்டிய அழுக்கு உடனே கடலுக்குப் போய்விடாது, மேலும் கீழுமாக அலைந்துகொண்டிருக்கும்.

நதிக்காகப் போராடியவர்கள் வேறு சிலரும் உண்டு. ஸ்டார்ம் கிங் மலையில் மின்நிலையம் அமைக்கும் திட்டத்தை எதிர்த்தவர்கள் வழக்குப் போட்டார்கள். பொதுமக்களும் இப்படி வழக்காடலாம் என்று 1965-ல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மீனவர்களோ தூசி படிந்து கிடந்த 1899-ஆம் வருடச் சட்டம் ஒன்றைத் தேடி எடுத்து, கழிவு கொட்டிய நிறுவனங்கள் மேல் பாய்ந்தார்கள்.

சீகரின் வழி வேறு. ரயிலும் நீராவிக் கப்பலும் வருமுன் ஹட்சனில் சரக்கு ஏற்றிச் சென்ற பழைய பாய்மரக் கப்பல்களைப் போல ஒன்றைக் கட்ட வேண்டும் என்றார். நதி நாறும்போது கப்பல் எதற்கு என்று கேட்கத் தோன்றும். அவர் கணக்கு எளிது: நதிப் பக்கமே வராத ஜனங்கள் நதிக்காகக் கவலைப்பட மாட்டார்கள். முதலில் அவர்களைத் தண்ணீர்மேல் கொண்டுவர வேண்டும். 1966-ல் வேலை ஆரம்பித்தது. கச்சேரிகள் நடத்திப் பணம் சேர்த்தார்கள். 106 அடி நீளமுள்ள 'கிளியர்வாட்டர்' 1969-ல் மெய்ன் மாநிலத்தில் நீரில் இறங்கியது.

அது மிதக்கும் பள்ளிக்கூடம் ஆனது. பள்ளிப் பிள்ளைகள் கயிறு பிடித்துப் பாயை ஏற்றுவார்கள், தண்ணீரைச் சோதிப்பார்கள், வலை போடுவார்கள். செத்துப்போன நதி என்று பெரியவர்கள் சொன்னதில் மீனும் நண்டும் துள்ளுவதைக் கண்ணால் பார்ப்பார்கள். பாடப்புத்தகத்தில் நூறு பக்கம் படித்தாலும் இது வருமா? 1972-ல் அதிபர் நிக்சனின் மறுப்பையும் மீறி அமெரிக்கக் காங்கிரஸ் தூய நீர்ச் சட்டத்தை நிறைவேற்றியது. சாக்கடை கலப்பது மெல்ல மெல்லக் குறைந்தது.

ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒன்று நதிக்குள் இருந்தது. 1947 முதல் 1977 வரை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் இரண்டு ஆலைகளிலிருந்து பிசிபி என்ற ரசாயனம் ஹட்சனில் இறங்கியது. அது அடிச்சேற்றில் தங்கி, மீனின் கொழுப்பில் சேரும். விஷயம் வெளியே வந்ததும், 1976-ல் வரிப்பாஸ் மீனை விற்பனைக்குப் பிடிக்கத் தடை வந்தது. நதிக்காக முதலில் குரல் கொடுத்த மீனவர்களின் பிழைப்பிலேயே மண் விழுந்தது. இந்த வரலாற்றில் கசப்பான இடம் இதுதான். யாரும் அவர்களைத் தோற்கடிக்கவில்லை, உண்மை தெரிந்ததுதான் அவர்களுக்கு வினையானது.

சேற்றை அள்ளச் சொல்லிக் கரையோர மக்கள் கேட்டார்கள். அள்ளினால் விஷம் கிளம்பிப் பரவும் என்று நிறுவனம் பல வருடங்கள் எதிர்த்தது. 2002-ல் மத்திய சுற்றுச்சூழல் முகமை அள்ள உத்தரவிட்டது. 2009-ல் தொடங்கிய வேலை 2015-ல் முடிந்தது. முழுதாகப் பார்க்க சீகர் இல்லை. 2014 ஜனவரியில், 94 வயதில் காலமாகிவிட்டார்.

ஹட்சன் மீனைச் சாப்பிட இன்றும் கட்டுப்பாடுகள் உண்டு. கிளியர்வாட்டரில் பிள்ளைகள் வலையில் அகப்படும் மீனைத் தொட்டிக்குள் விட்டுப் பார்ப்பார்கள், பேர் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள், பிறகு திரும்ப நதியிலேயே விட்டுவிடுவார்கள்.