பரங்கிமலைச் சிலுவையில் பாரசீக எழுத்து

சென்னைப் பரங்கிமலை உச்சியில் இருக்கும் மாதா கோயிலைப் போர்த்துக்கீசியர் கட்டியது 1523ல். ஆனால் அதன் பீடத்தில் பதித்திருக்கும் கல், கோயிலைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தது.

அந்தக் கல் 1547ல், கட்டட வேலைக்காக மண்ணைத் தோண்டியபோது கிடைத்தது. கருங்கல் பலகையில் புடைப்பாகச் செதுக்கிய சிலுவை அது. நான்கு முனைகளும் மொட்டவிழ்வதுபோல் விரிந்திருக்கும். தலைக்கு மேல் ஒரு புறா இறங்குகிறது. மேலே வளைந்து நிற்கும் தோரணத்தின் இரு முனைகளிலும் மகரங்கள்; நம் ஊர்க் கோயில் தோரணத்தில் பார்க்கிற அதே மகரங்கள்தான்! தோரணத்தை ஒட்டி ஓடுகிறது ஒரு வரி எழுத்து.

அந்த எழுத்து போர்த்துக்கீசியருக்கும் புரியவில்லை, உள்ளூர்க்காரருக்கும் புரியவில்லை. கடைசியில் ஒரு பிராமணப் பண்டிதரை அழைத்து வந்தார்கள். அவர் அசரவே இல்லை. ஓர் எழுத்துக்குள் பல சொற்கள் அடங்கியிருக்கின்றன என்று சொல்லி, அந்த ஒற்றை வரியிலிருந்து, இந்த மலையில் உயிர்நீத்ததாக மரபு சொல்லும் இயேசுவின் சீடர் தோமையாரின் கதையையே எடுத்து விரித்துவிட்டார். கேட்டவர்கள் எதிர்பார்த்ததும் அதைத்தானே?

உண்மை வெளிவர மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அது பண்டைப் பாரசீகத்தின் பஹ்லவி எழுத்து என்று ஆய்வாளர் ஏ.சி. பர்னெல் 1873ல் எழுதினார். அறிஞர்களின் வாசிப்பு ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. அதிகம் எடுத்தாளப்படுவது வின்க்வர்த்தின் வாசிப்பு: இதைச் செதுக்கிய, சிரியரான சஹார்புக்தின் மகன் அப்ராஸ்மீது கிறிஸ்து இரங்க வேண்டும் என்ற மன்றாட்டு. அதில் தோமையாரின் பெயரே இல்லை.

அதனால் கல்லின் மதிப்பு குறைந்துவிடவில்லை, சொல்லப்போனால் கூடுகிறது. வாஸ்கோட காமா கப்பலேறுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, பாரசீகத் தொடர்புள்ள கிறிஸ்தவர்கள் இந்தக் கரையில் வாழ்ந்தார்கள் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டுமா? 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோவும் தோமையார் கல்லறைக்கு யாத்திரை வருவோரைப் பற்றி எழுதியிருக்கிறார்.

1558 டிசம்பர் 18 அன்று திருப்பலியின்போது இந்தச் சிலுவையில் செந்நீர் கசிந்தது என்றும், கடைசியாக அப்படிக் கசிந்தது 1704ல் என்றும் திருச்சபை மரபு சொல்கிறது. மலையேறும் படிகள் ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் கட்டிக்கொடுத்தவை. 1726ல் அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் மர்மலாங் பாலம் கட்டியவரும் இவர்தான்.

இதே பஹ்லவி வாசகம் கேரளத்தில் கோட்டயம் வலிய பள்ளியின் கற்சிலுவையிலும் இருக்கிறது. அடுத்த வாரம் அங்கே போவோம்.