முகவரியும் குடியிருப்பும்: அமெரிக்காவின் ஹப்ஸோன் ஒப்பந்தச் சலுகை

2008ஆம் ஆண்டு, அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ நான்கு போலி நிறுவனங்களைக் காகிதத்தில் உருவாக்கி, அரசு ஒப்பந்தங்களில் சலுகை தரும் ஹப்ஸோன் சான்றிதழுக்கு விண்ணப்பித்தது. நான்குக்கும் சான்றிதழ் கிடைத்தது. அவற்றுள் ஒன்று தலைமை அலுவலகம் என்று காட்டிய முகவரியில் இருந்தது ஒரு ஸ்டார்பக்ஸ் காப்பிக் கடை.

ஏமாற்றுவது இவ்வளவு எளிதா என்று அன்று எல்லோரும் கேட்டார்கள். அந்தத் திட்டம் எதை அளந்தது என்பதே அதைவிடப் பயனுள்ள கேள்வி.

மிசௌரி செனட்டர் கிட் பாண்ட் முன்னின்று கொண்டுவந்த ஹப்ஸோன் திட்டம் 1997இல் சட்டமானது. அதற்கு இரண்டாண்டு முன்புதான், அடராண்ட் வழக்கில், இன அடிப்படையிலான மத்திய அரசுச் சலுகைகளை மிகக் கடுமையான சோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஹப்ஸோனோ உரிமையாளரின் இனத்தைக் கேட்பதில்லை, இடத்தைத்தான் கேட்கிறது. வறுமை மிகுந்த கணக்கெடுப்பு வட்டாரங்கள், பின்தங்கிய கவுண்டிகள், பழங்குடியினர் நிலங்கள், மூடப்பட்ட ராணுவத் தளங்கள் ஆகியவை அதன் வரைபடத்தில் ஹப்ஸோன்களாகக் குறிக்கப்படுகின்றன. நிறுவனத்தின் தலைமை அலுவலகம் அங்கே இருக்க வேண்டும். ஊழியர்களில் 35 விழுக்காட்டினராவது ஏதேனும் ஒரு ஹப்ஸோனில் குடியிருக்க வேண்டும். தகுதி பெற்ற நிறுவனங்கள் மட்டும் போட்டியிடும் ஒதுக்கீட்டு ஒப்பந்தங்கள் உண்டு. பொதுப் போட்டியிலும் 10 விழுக்காடு விலைச் சலுகை கிடைக்கும்: பெருநிறுவனம் 100 டாலர் கேட்ட வேலைக்கு ஹப்ஸோன் நிறுவனம் 109 கேட்டாலும், மதிப்பீட்டில் பின்னதே குறைந்த விலையாகக் கொள்ளப்படும்.

இந்த இரு நிபந்தனைகளும் சம எடை கொண்டவையல்ல. அலுவலகம் என்பது வாடகை ஒப்பந்தம் ஒன்று. ஒரு மேசையும் பெயர்ப்பலகையும் போதும். சம்பளம் போய்ச் சேரும் வீடுதான் வட்டாரத்துக்குள் பணத்தைக் கொண்டுவருகிறது. ஜிஏஓ அதே 2008இல் வாஷிங்டன் பெருநகரப் பகுதியில் 17 நிறுவனங்களை ஆராய்ந்தது. 10 நிறுவனங்கள் அலுவலகம் அல்லது ஊழியர் குடியிருப்பு நிபந்தனையில் தவறியிருந்தன. 2006 முதல் அந்தப் பத்தும் பெற்ற அரசு ஒப்பந்தங்களின் மதிப்பு 10.5 கோடி டாலருக்கும் மேல்.

குடியிருப்பு நிபந்தனையிலும் ஒரு முடிச்சு உண்டு. 20 பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் ஏழு பேர் ஹப்ஸோன்வாசிகளாக இருந்தால் கணக்குச் சரி. அவர்களில் இருவர் கைக்கு நாலு காசு வந்ததும் நல்ல பள்ளிக்கூடம் உள்ள பகுதிக்குக் குடிபெயர்ந்தால் விகிதம் 25 விழுக்காடாகச் சரிந்துவிடும். தொழிலாளியின் வாழ்வு உயர, முதலாளியின் தகுதி போயிற்று! 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த விதித்திருத்தம் இந்த முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தியது. குறித்த காலம் ஹப்ஸோனில் குடியிருந்த தொழிலாளி பிறகு வெளியேறினாலும், அதே நிறுவனத்தில் தொடரும்வரை அவரைக் கணக்கில் சேர்க்கலாம் என்றது. வரைபடமும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் என்றானது. இடத்துக்கான உதவி, இடத்தை விட்டுப் போனவரையும் எண்ணத் தொடங்கியது. கொள்கைத் தூய்மை பார்ப்பவர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் இதுவே நியாயம்.

சரி, கொள்முதல் அதிகாரிகள் இந்தத் திட்டத்தை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள்? ஒதுக்கீடு செய்தே ஆக வேண்டும் என்ற பொருள்பட இருந்த சட்டச் சொல்லை வைத்து, ஹப்ஸோனுக்கே முன்னுரிமை என்று 2010இல் ஒரு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் நாடாளுமன்றம் அந்தச் சொல்லைச் ‘செய்யலாம்’ என்று மாற்றிவிட்டது. மத்திய அரசின் நேரடி ஒப்பந்தத் தொகையில் 3 விழுக்காடு என்ற இலக்கு 2003 முதலே இருக்கிறது. 2022 நிதியாண்டில் எட்டப்பட்டது 2.65.