நச்சுணவு: ஒரு சொல்லின் பின்னுள்ள வரலாறு

கெட்ட உணவால் பலர் ஒருசேர நோயுற்றால், நம் தமிழ்ச் செய்திகள் அதனை ‘நச்சுணவு’ என்று சுட்டுகின்றன. இரும்பு, இருப்புப்பாதையில் திரிவதுபோல நஞ்சு நச்சாகத் திரிந்து உணவோடு புணர்ந்துள்ளது. இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் உணவில் இருப்பது நஞ்சா, உயிரா? இவ்வினாவிற்கு விடை காண மருத்துவ உலகம் நெடுங்காலம் அலைந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜெர்மானிய நாடான வூர்ட்டம்பெர்க்கில், சாசேஜ் உண்டோர் பலர் பார்வை மங்கி, விழுங்க இயலாது, மூச்சுத் திணறி மாண்டனர். யுஸ்டினுஸ் கெர்னர் என்னும் மருத்துவர் 1820இலும் 1822இலும் இந்நோயை விரிவாக எழுதினார். அவர் கவிஞருமாவார், நோய்க்குறிகளை அவர் வருணித்த துல்லியத்திற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். சாசேஜிலிருந்து பிரித்த சாற்றைத் தாமே சுவைத்தும் சோதித்தார். கொழுப்பில் விளையும் நஞ்சே காரணம் என்பது அவர் துணிபு. நுண்ணுயிரிகளை நோயோடு இணைக்கும் கொள்கை அன்று வேரூன்றவில்லை.

1895 டிசம்பரில் பெல்ஜியத்தின் எல்லசெல் என்னும் சிற்றூரில், ஈமச் சடங்கிற்கு இசைக்க வந்த கலைஞர்கள் உப்பிட்ட பன்றித்தொடை இறைச்சியை உண்டு நோயுற்றனர், மூவர் இறந்தனர். எமில் வான் எர்மெங்கம் அவ்விறைச்சியிலிருந்தும் இறந்தவர் உடலிலிருந்தும் ஒரே நுண்ணுயிரியைப் பிரித்தெடுத்தார். அது காற்றில்லா இடத்தில் வளர்ந்து நஞ்சைச் சுரப்பது. கெர்னர் கண்டது விளைவை. எர்மெங்கம் கண்டது அதனை விளைவிப்பதை. அதற்கு அவர் இட்ட பெயரோ சாசேஜைக் குறிக்கும் ‘போட்டுலுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. நோய் வந்தது தொடை இறைச்சியால். பெயரில் நிலைத்தது சாசேஜ்! மொழியியலார்க்கு இத்தகைய எச்சங்கள் புதியனவல்ல. புழுவைக் குறித்த ‘கிருமி’ இன்று கண்ணுக்குப் புலனாகாததைக் குறிக்கவில்லையா?

இதற்கிடையே, இத்தாலிய வேதியியலார் செல்மி, அழுகிய உடலில் தோன்றும் பொருள்களுக்குப் பிணத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘டோமெய்ன்’ என்று பெயரிட்டார். கெட்ட உணவின் தீங்கனைத்தும் அதன் தலையில் ஏற்றப்பட்டது. 1888இல் ஜெர்மனியின் பிராங்கன்ஹவுசனில், நோயுற்ற மாட்டின் இறைச்சியிலும் அதை உண்டு இறந்தவர் உடலிலும் ஒரே பாக்டீரியாவை ஆகுஸ்ட் கெர்ட்னர் கண்டு காட்டினார். ஆயினும் பழைய பெயர் மக்கள் வழக்கில் பல்லாண்டு நீடித்தது. கெர்ட்னர் கண்டது இன்று சால்மொனெல்லா இனத்தில் அடங்கும். மாணவர் பலர் அதனைச் சால்மன் மீனோடு இணைப்பர். அது டேனியல் சால்மன் என்னும் அமெரிக்கக் கால்நடை மருத்துவரின் பெயர்.

நம் கடற்பகுதிக்கு நெருங்கிய கிருமி வேறு. 1950இல் ஒசாகாவில் சிறுமீன் கருவாட்டை உண்டு 272 பேர் நோயுற்று 20 பேர் இறந்தபோது, சுனேசாபுரோ புஜினோ விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸைக் கண்டறிந்தார். அதே கிருமி 2009 ஏப்ரலில் கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் விற்ற இந்திய ரோஜாக்கு வழியே 154 பேரைத் தாக்கியது, இருவர் உயிரிழந்தனர். சமைக்காத கடலுணவிலிருந்து அது பரவியிருக்கலாம் என்று கருதப்பட்டது. அங்கே எவரும் நஞ்சு கலக்கவில்லை. உப்பை விரும்பும் உயிர் ஒன்று, வெப்பத்தில் சில மணி நேரம் கிடைத்ததும் பெருகுவது அதன் இயல்பு.

அதனால் ‘நச்சுணவு’ என்னும் சொல்லை விலக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. ஸ்டாபிலோகாக்கஸ் கிருமியைப் பொறுத்தவரை அது பொருத்தமான சொல்லே: மீண்டும் சூடாக்கினால் கிருமி மடியும், அது முன்பே உணவில் விட்ட நஞ்சு மடியாது. விப்ரியோவும் சால்மொனெல்லாவும் குடலுக்குள் உயிரோடு சென்று நோய் செய்பவை. நன்கு வேகவைத்தால் அவை அழியும். இவ்விரு வகையையும் ஒரே சொல்லால் குறிக்கும் வகுப்பறையில், ‘மீண்டும் கொதிக்கவைத்தால் போதுமா?’ என்று கேட்கும் மாணவருக்கு ஒரே விடை சொல்ல இயலாது.