வீடா, சானடோரியமா?

சென்னை மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு தாம்பரம் சானடோரியம் என்பது ஒரு ஸ்டேஷன் பெயர். மெப்ஸ் வளாகத்தில் வேலை பார்ப்பவர்கள் இறங்குமிடம். அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று யாரும் நின்று யோசிப்பதில்லை. ஒரு காலத்தில் காசநோய் வந்தவர்களை ஊரைவிட்டுத் தள்ளி, மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் படுக்க வைத்திருந்த இடத்துக்குப் பெயர்தான் சானடோரியம். தாம்பரத்தில் அதை 1928-ல் தொடங்கியவர் டேவிட் சௌரி முத்து என்ற மருத்துவர்.

இவர் பெயரைக் கணிதமேதை ராமானுஜனின் வாழ்க்கைக் கதையிலும் பார்க்கலாம். 1914-ல் ராமானுஜன் இங்கிலாந்து போன கப்பலில்தான் இருவருக்கும் அறிமுகம். மூன்று வருடம் கழித்து, காசநோய் என்று சந்தேகிக்கப்பட்ட ராமானுஜன் சேர்க்கப்பட்ட இடங்களில் ஒன்று, இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் சௌரி முத்து நடத்திய சானடோரியம். (அது காசநோயே அல்ல, அமீபாவால் வந்த கல்லீரல் நோய் என்று பின்னாளில் சிலர் வாதிட்டார்கள். அது வேறு கதை.)

சானடோரியத்தின் பின்னால் இருந்த யோசனை ரொம்பச் சாதாரணமானது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. ராபர்ட் காக் 1882-லேயே காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதைக் கொல்லும் மருந்துக்கு உலகம் மேலும் அறுபது வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. எதிரி யார் என்று தெரியும், கையில் ஆயுதம் இல்லை. அந்த அறுபது வருடமும் மருத்துவர்கள் செய்யக்கூடியது நோயாளியின் உடம்பைத் தேற்றி, மிச்சத்தை உடம்பிடமே விடுவதுதான். முற்றியவர்களுக்கு ஒரு பக்க நுரையீரலைச் சுருங்க வைத்து அதற்கு "ஓய்வு" கொடுக்கும் சிகிச்சையும் இருந்தது.

1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. போர் முடிந்த கையோடு பிரிட்டனுக்குக் கிடைத்த மருந்து மிகக் குறைவு, எல்லாருக்கும் கொடுக்கப் போதாது. அப்போது ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற புள்ளியியலாளரும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். யாருக்கு மருந்து என்பதை மருத்துவர் தீர்மானிக்க வேண்டாம், குலுக்கல் தீர்மானிக்கட்டும். மொத்தம் 107 பேர். 55 பேருக்கு மருந்தும் படுக்கையும், 52 பேருக்குப் படுக்கை மட்டும். ஆறு மாதத்தில் முதல் குழுவில் இறந்தவர்கள் 4, இரண்டாவதில் 14. இந்த முடிவு 1948-ல் வெளியானது. இன்று எந்தப் புது மருந்தும் தாண்டியாக வேண்டிய குலுக்கல்முறைப் பரிசோதனைக்கு வழிகாட்டியது இதுதான். என் துறையில் தினமும் ஓட்டும் ஏ/பி டெஸ்ட்டுக்கும் இது பாட்டன் முறை.

ஆனால் ஒற்றை மருந்துக்குக் கிருமி சீக்கிரமே பழகிவிட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது இரண்டு குழுக்களுக்கும் இடையிலான வித்தியாசத்தில் பெரும்பகுதி கரைந்துபோயிருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்துத்தான் தர வேண்டும் என்ற பாடம் அதிலிருந்து வந்தது. பாஸ் என்ற மருந்து வந்தது. 1952-ல் ஐசோனியசிட் வந்தது. இது விலை குறைவு, ஊசி வேண்டாம், விழுங்கினால் போதும்.

இங்கேதான் இந்தியாவின் கேள்வி தொடங்குகிறது. பணக்கார நாடுகளில் மாத்திரையும் உண்டு, சானடோரியமும் உண்டு, இரண்டையும் சேர்த்தே கொடுத்துவிடலாம். இந்தியாவிலோ நோயாளிகள் பல லட்சம், படுக்கைகள் சில ஆயிரம். மருந்து வந்த பிறகும் அந்தப் படுக்கை தேவையா? மெட்ராஸில் ஓர் அறை வீட்டில், ஏழெட்டுப் பேர் நெருக்கியடித்துப் படுக்கும் இடத்தில், சரியான சாப்பாடு இல்லாமல், வேலைக்கும் போய்க்கொண்டே ஒருவர் மாத்திரை சாப்பிட்டால் குணமாகுமா? அன்றைய பாடப்புத்தகங்களைக் கேட்டால் ஆகாது என்றுதான் சொல்லியிருக்கும்.

கேட்டுப் பார்த்துவிடலாம் என்று 1956-ல் மெட்ராஸில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மெட்ராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து செய்த காரியம். தலைமை ஏற்று வந்தவர் வாலஸ் ஃபாக்ஸ். சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று போர்டு இருக்கிறதே, அதன் ஆரம்பம் இதுதான்.

நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேர். குலுக்கலில் ஒரு பாதி வீட்டுக்கு, மறுபாதி சானடோரியத்துக்கு. இரண்டு பக்கமும் அதே ஐசோனியசிட், அதே பாஸ், அதே பன்னிரண்டு மாதம். இடம் மட்டும்தான் வேறு. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்றோட்டம், நர்ஸ்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு அவர்களுடைய வீடு.

சரி, ரிசல்ட் என்ன? வருடக் கடைசியில் சளியில் கிருமி இல்லாமல் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தபோது இரண்டு குழுவும் ஏறக்குறைய சமமாகிவிட்டன. சானடோரியக்காரர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், எடையும் அதிகம் கூடியது. வீட்டுக்காரர்கள் குறைவாகச் சாப்பிட்டு, அதிகம் நடமாடினார்கள். இருந்தும் கிருமி போய்விட்டது.

வீட்டில் இருக்கும் குழந்தைகளுக்குத் தொற்றிவிடாதா என்ற பயம் மிச்சமிருந்தது. குடும்பத்தாரையும் ஐந்து வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். நோயாளி வீட்டில் இருந்து சிகிச்சை பெற்றதால் கூடுதலாக யாருக்கும் ஆபத்து வரவில்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே தொற்றிவிடுகிறது. மருந்து ஆரம்பித்ததும் பரவுவது வேகமாகக் குறைந்துவிடுகிறது.

1959-ல் வெளியான இந்த ஆய்வு உலகத்தையே மாற்றியது என்று சொன்னால் அது மிகையில்லை. சானடோரியங்கள் பல நாடுகளில் காலியாகின. குடும்பத்தைப் பிரிந்து, வேலையை இழந்து, மலையடிவாரத்தில் படுத்திருக்க வேண்டிய தலையெழுத்து கோடிக்கணக்கானவர்களுக்கு மாறியது. ஏழை நாட்டின் ஏழை நகரத்தில் எடுத்த முடிவைப் பணக்கார நாடுகள் பின்பற்றியது மருத்துவ வரலாற்றில் அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை.

மெட்ராஸ் ஆய்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் கைதட்டி முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது.

"வீட்டுச் சிகிச்சை" என்றால் மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவது என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த ஆய்வில் நடந்தது அது இல்லை. நோயாளி குறித்த நாளில் மையத்துக்கு வந்து மருந்து வாங்க வேண்டும். வராவிட்டால் தேடிக்கொண்டு ஆள் வருவார். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து மிச்ச மாத்திரைகளை எண்ணுவார்கள். மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சிறுநீரைச் சோதிப்பார்கள். பாஸ் சாதாரண மருந்து இல்லை. தினமும் நிறைய விழுங்க வேண்டும், வயிற்றைப் புரட்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிட்டால் யாருக்குத்தான் மேற்கொண்டு விழுங்கத் தோன்றும்? நோயாளி தானாக மருந்து சாப்பிடுவதில் உள்ள சிக்கலைப் பற்றி ஃபாக்ஸ் 1958-லேயே தனிக்கட்டுரை எழுதினார். அந்த 86 சதவீதத்தின் உள்ளே மாத்திரை மட்டும் இல்லை, படியேறி வந்து கதவைத் தட்டிய மனிதர்களும் இருக்கிறார்கள்.

1962-ல் தேசிய காசநோய்த் திட்டம் வந்தது. வீட்டிலிருந்தே சிகிச்சை என்பது அரசுக் கொள்கை ஆனது. மாத்திரை போதும்னு ஆயிடுச்சு இல்ல, அப்புறம் எதுக்கு மத்ததெல்லாம்? யாரும் இப்படி எழுதி வைக்கவில்லை. ஆனால் நடந்தது இதுதான். ஆய்வில் இருந்த மாத்திரை திட்டத்துக்குள் வந்தது, கதவைத் தட்டிய ஆட்கள் அந்த அளவில் வரவில்லை. சில சமயம் மாத்திரையும் ஸ்டாக் இல்லை. 1992-ல் திட்டத்தை மறுபரிசீலனை செய்தபோது, சிகிச்சையைத் தொடங்கியவர்களில் பாதிப் பேர்கூட முழுமையாக முடிக்கவில்லை என்று தெரிந்தது.

இதற்கு மாற்றாக வந்த டாட்ஸ் முறைக்கும் விதை சேத்துப்பட்டில்தான் போடப்பட்டது. வாரம் இரண்டு முறை, கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறை பலனளிக்கும் என்று 1964-லேயே அந்த மையம் காட்டியிருந்தது. முப்பது வருடம் கழித்து அது உலகக் கொள்கையாகி, இந்தியாவுக்கு 1997-ல் திட்டமாகத் திரும்பி வந்தது. முடித்தவர்களின் எண்ணிக்கை நன்றாகவே உயர்ந்தது. ஆனால் முன்பு நர்ஸ் நோயாளியின் வீட்டுக்குப் போனார். இப்போது தினக்கூலிக்காரர் அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு மையத்துக்கு வந்து, ஒருவர் முன்னால் விழுங்கிக் காட்ட வேண்டியிருந்தது.

பாதியில் நின்ற சிகிச்சைகளும் சீராக வராத மருந்தும் எதிர்ப்புக் காசநோயை வளர்த்தன. அதற்கான ஊசிகள் பலருடைய காதைச் செவிடாக்கின. அப்படிக் கேட்கும் திறனை இழந்த இருவர், மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் பும்சா டிசிலேவும், பெடாகுவிலின் என்ற புது மருந்தின் மீதான காப்புரிமையை நீட்டிக்கும் விண்ணப்பத்தை 2019-ல் எதிர்த்தார்கள். ஊசி இல்லாமல் எதிர்ப்புக் காசநோயைக் குணப்படுத்த உதவும் மருந்து அது. 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் ஜான்சன் அண்ட் ஜான்சனின் அந்த விண்ணப்பத்தை நிராகரித்தது. மலிவான மருந்துக்கு வழி திறந்தது. இன்று எதிர்ப்புக் காசநோய்க்கும் ஆறு மாத மாத்திரைச் சிகிச்சை இருக்கிறது.

மாத்திரையின் கதை இப்படி. சாப்பாட்டின் கதை இன்னும் மோசம்.

நல்ல சாப்பாடு இல்லாமலே குணமானார்கள் என்று மெட்ராஸ் ஆய்வு சொன்னதா, அத்தோடு சாப்பாடு பேச்சிலிருந்தே காணாமல் போனது. காசநோய் வறுமையின் நோய் என்று எல்லா மேடையிலும் சொல்வார்கள், மருந்துச்சீட்டில் மாத்திரை மட்டும் இருக்கும். மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்துக்காகத் தரும் திட்டம் வந்ததே 2018-ல்தான். 2024 நவம்பரில் அது 1000 ரூபாய் ஆனது.

2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில் ரேஷன்ஸ் என்ற ஆய்வு நடந்தது. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகிய மருத்துவர்கள் முன்னின்று நடத்தியது. சேத்துப்பட்டு நிறுவனத்துக்கும் அதில் பங்கு உண்டு. 2,800 நோயாளிகள், அவர்களுடைய வீடுகளில் 10,345 பேர். நோயாளிகள் எல்லாருக்கும் மாதாமாதம் உணவுப் பை. குடும்பத்தாரில் ஒரு குழுவுக்கு மட்டும் கூடுதலாக அரிசியும் பருப்பும். அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு மரண ஆபத்து சுமார் 60 சதவீதம் குறைவாக இருந்தது. தடுப்பூசிக்குக் கொண்டாடும் அளவுக்கான எண்கள் இவை. கொடுத்தது அரிசி, பருப்பு.

அப்படியென்றால் மெட்ராஸ் ஆய்வு தப்பா? இல்லை. மெட்ராஸ் கேட்டது: மருந்து முறையாகச் சாப்பிட்டால், படுக்கையும் நல்ல சாப்பாடும் இல்லாமல் கிருமி போகுமா? போகும். ஜார்க்கண்ட் கேட்டது: யாருக்கு நோய் வராமல் தடுக்கலாம், யார் பிழைக்கிறார்கள்? இரண்டும் வேறு வேறு கேள்விகள், இரண்டு பதிலும் சரி. கிருமியை அளந்த ஆய்வை எடுத்துக்கொண்டு, மனிதருக்குச் சாப்பாடு முக்கியமில்லை என்று படித்தது நாம். அப்படிப் படித்தால் கஜானாவுக்குச் செலவும் குறைவு.

தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தை இந்த வரிசையில் வைத்துப் பார்க்கிறேன். நோய் கண்டுபிடித்தவுடன் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சில விஷயங்களைப் பார்க்கிறார்கள். உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா, காலில் வீக்கம் உண்டா, மூச்சு எவ்வளவு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா. பெரிய லேப் எதுவும் வேண்டாம். எடை மிஷினும் விரலில் மாட்டும் கருவியும் கண்ணும் போதும். ஆபத்தில் இருப்பவர் என்று தெரிந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்து, சாப்பாடும் ஆக்சிஜனும் கொடுக்கிறார்கள். படுக்கை தேவையில்லை என்று உலகத்துக்குச் சொன்ன ஊரிலிருந்தே, சிலருக்கு, சில வாரங்களுக்குப் படுக்கை கட்டாயம் தேவை என்ற குரலும் வந்திருக்கிறது. முன்னதை இது மறுக்கவில்லை. யாருக்கு எது என்று பிரித்துப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

"இது தேவையில்லை என்று ஆய்வில் நிரூபணம்" என்ற மாதிரி செய்திகள் இனியும் வந்துகொண்டேதான் இருக்கும். ஆஸ்பத்திரியில் அத்தனை நாள் இருக்கத் தேவையில்லை, நர்ஸ் தேவையில்லை, செயலி போதும் என்றெல்லாம். அவற்றில் சில உண்மையாகவே இருக்கும், பல உயிர்களைக் காப்பாற்றவும் செய்யும். படிக்கும்போது இரண்டு கேள்வியைக் கேட்டுக்கொண்டால் நல்லது. எதை அளந்துவிட்டுத் தேவையில்லை என்கிறார்கள்? அளந்த நாட்களில் அந்த நோயாளியின் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது யார், நாளைக்கும் அவர் வருவாரா?