கர்ப்பப்பையும் ஹிஸ்டீரியாவும்: ஒரு பழைய வழக்கு

மக்களே, 'ஹிஸ்டீரியா'ங்கிற சொல்லோட வேர் என்ன தெரியுமா? கிரேக்க மொழியில கர்ப்பப்பை! கர்ப்பப்பை நீக்கத்தை டாக்டர்கள் ஹிஸ்டரெக்டமின்னு சொல்றாங்களே, அதுக்கும் அதே வேர்தான். பொம்பளைக்கு மனசு சரியில்லைன்னா கோளாறு அடிவயித்துலன்னு ஐரோப்பா பல நூற்றாண்டு நம்பிச்சு.

அந்த நம்பிக்கை கத்தியைக் கையில் எடுத்தது 1872-இல். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் ரோம்னு ஒரு ஊர் (இத்தாலி ரோம் இல்லீங்க :-)). அங்கே ராபர்ட் பேட்டி என்ற மருத்துவர் ஒரு பெண்ணின் சினைப்பைகளை அகற்றினார். கட்டிக்காக இல்லை, மாதவிலக்கை ஒட்டி வந்த உபத்திரவங்களை நிறுத்த, மாதவிடாய் நிற்கும் பருவத்தைச் செயற்கையாக வரவழைக்க! அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். அதே ஆண்டு ஜெர்மனியில் ஹேகர், இங்கிலாந்தில் லாசன் டெய்ட் என்று இன்னும் இருவர் இதேபோல் செய்தார்கள். அப்புறம் வலிப்பு, ஹிஸ்டீரியா, 'பைத்தியம்' எல்லாத்துக்கும் இதுதான் வைத்தியம்னு ஆகிப்போச்சு. மனநல விடுதிப் பெண்களையும் விடல. செத்தவங்க பலர்.

பிழைச்சவங்களுக்கு? திடீர்னு உடம்பெல்லாம் அனல், ராத்திரி வேர்வை, தூக்கமில்லை, காரணமில்லாத அழுகை. மனசைக் குணப்படுத்தறோம்னு போய் மனசுக்கே புதுத் தொல்லை! ஏன்னு விளக்க அன்னிக்கு ஆள் இல்லை. 'ஹார்மோன்' என்ற சொல்லே 1905-இல்தான் வந்தது.

விடை முயல்கிட்ட இருந்து வந்துச்சு. 1896-இல் வியன்னாவின் எமில் க்னாவர், முயல்களின் சினைப்பையை எடுத்து உடம்பில் வேறு இடத்தில் ஒட்டவைத்தார். கர்ப்பப்பை சுருங்கவில்லை. அப்படின்னா வேலை செய்வது நரம்பு இல்லை, ரத்தத்தில் போகும் ஏதோ ஒன்று! 1929-இல் ஈஸ்ட்ரோன் பிரித்தெடுக்கப்பட்டது. 1942-இல் சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து செய்த பிரிமரின் மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது.

2002-இல் ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு பாதியில் நிறுத்தப்பட, உலகமே ஹார்மோன் மாத்திரையைக் கண்டு பயந்தது. ஆனா அன்று நிறுத்தியது கர்ப்பப்பை உள்ளவர்களுக்கான கூட்டு மாத்திரைப் பிரிவு. கர்ப்பப்பை இல்லாதவர்களுக்கான ஈஸ்ட்ரோஜன் பிரிவு 2004-இல் நின்றது. காரணம் பக்கவாத அபாயம். அதில் மார்பகப் புற்று கூடவில்லை. இந்த வித்தியாசம் பலர் காதுக்கு எட்டவே இல்லை.

நம்ம வீடுகள்ல "கர்ப்பப்பை எடுத்தாச்சு"ன்னு ஒரே வரியில முடிச்சுடுவோம். சினைப்பையும் போச்சா, இருக்கான்னு கேட்டீங்களா? இருந்தா ஹார்மோன் சுரக்கும் (நிற்கும் வயது சிலருக்குக் கொஞ்சம் முன்னாடியே வரலாம்). ரெண்டும் போனா சில நாளிலேயே சரசரன்னு இறங்கிடும். 45 வயசுக்கு முன்னாடி அப்படி ஆனவங்களுக்கு, தடை ஏதும் இல்லேன்னா, இயல்பா நிற்கிற வயசு வரைக்கும் ஹார்மோன் தருவதுதான் இன்றைய மருத்துவ வழக்கம். டாக்டர்கிட்ட கேளுங்க.

அதனால ஆபரேஷன் முடிஞ்சு வந்த அம்மாவோ அக்காவோ எரிஞ்சு விழுந்தா, "எல்லாம் மனப்பிரமை"ன்னு சொல்லிடாதீங்க. பேட்டி காலத்து டாக்டருக்குத் தெரியாதுன்னு ஒரு சாக்கு இருந்துச்சு. நமக்கு அது இல்லை.